பேஸ் அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, மோகினி டேயின் பேஸ் கிட்டார் வாசிப்பு என்றால் எனக்கு உயிர். 2023இல் அவர் பெயரிலேயே வந்த முதல் தனி ஆல்பத்தைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று தினமும் அவர் பக்கத்தைத் திறந்து பார்த்து ஏமாறுகிறேன். ஒரு பேஸ் கலைஞரை ஒழுங்காகப் பின்தொடர்வது எப்படி?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, பூட்டிக் கிடக்கிற வீட்டு நடையில் போய் நிற்கிறீர். ஆள் அடுத்த தெருக் கல்யாண வீட்டில் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

பாடகர் என்றால் பெயரைத் தட்டினால் எல்லாம் வரிசையாக வந்து விழும். பேஸ்காரர் பிழைப்பு அப்படியில்லை. மோகினி பிறந்தது 1996. அப்பா சுஜாய் டேயும் பேஸ் வாசிப்பவர்தான். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே டிரம்ஸ் கலைஞர் ரஞ்சித் பரோட் மேடையில் ஏற்றிவிட்டார். 2013இல் கோக் ஸ்டுடியோவில் ஏ.ஆர்.ரஹ்மானோடு வாசித்தபோது வயது பதினேழைத் தாண்டவில்லை. ஜாகிர் உசேனோடும் வாசித்திருக்கிறார். சொந்தப் பெயரில் ஆல்பம் வந்ததோ 27 வயதில். அப்படியானால் நடுவில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வாசிப்பு எங்கே கிடக்கிறது? அடுத்தவர்கள் பெயருக்கு அடியில்தான். தேடுவதை அங்கே தேடும்.

பாட்டுக் கேட்கிற செயலியில் பாட்டுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி இருக்குமே, அதைத் தொட்டால் யார் யார் வேலை செய்தார்கள் என்று ஒரு பட்டியல் திறக்கும். எல்லாப் பாட்டுக்கும் முழுசாக இருக்காது. இருந்தமட்டும் லாபம். டிஸ்காக்ஸ் என்ற தளத்தில் பெயரைப் போட்டால் அடுத்தவர் ஆல்பங்களில் வாசித்ததும் தனியாக வரும். அவரோடு சேர்ந்து வாசிக்கிற டிரம்ஸ்காரர்களையும் விட்டுவிடாதேயும். டிரம்ஸும் பேஸும் ஒரே நுகத்தில் பூட்டின மாடுகள். ஒன்று போன தடத்தில் மற்றதும் இருக்கும்.

எங்கள் காலத்தில் இதுக்கெல்லாம் ஏது வழி? எண்பதுகளில் ஜங்ஷனில் கேசட் பதிவு செய்து தருகிற கடையில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்துவிட்டு நடையாய் நடப்பேன். இளையராஜா பாட்டில் பாடகர் ஒரு வழியில் போக, அடியில் பேஸ் இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டு போகுமே, எனக்கு அதுதான் வேண்டும். அட்டையில் இசையமைப்பாளர் பெயர் உண்டு, பாடகர் பெயர் உண்டு. பேஸ் யார்? கடைக்காரரிடம் கேட்டேன். "அதையும் ராசாவே வாசிச்சிருவாரு வே" என்றார். நானும் நம்பினேன். ராஜா பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த சசிதரன் பெயர் என் காதுக்கு வந்துசேரப் பல வருஷம் ஆயிற்று.

ரஹ்மான் வந்த பிறகுதான் உறைக்குள்ளே வாத்தியக்காரர் பெயரெல்லாம் அச்சில் ஏறியது. கடுகு எழுத்து. டவுன் பஸ்ஸில் ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் தாளைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தேன். 'கீத் பீட்டர்ஸ், பேஸ்' என்று கண்ணில் பட்டது. வண்ணார்பேட்டையில் இறங்க வேண்டியவன் முருகன்குறிச்சியில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

இது நம்மூர்க் குறை மட்டுமில்லை. அறுபதுகளில் அமெரிக்காவில் மோட்டவுன் கம்பெனி வெளியிட்ட வெற்றிப் பாட்டுகளில் பலவற்றுக்கு பேஸ் வாசித்து உயிர் கொடுத்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே கம்பியைச் சுண்டி அத்தனையும் வாசித்தவர். அவர் பெயர் உறையில் வந்தது 1971இல், மார்வின் கே ஆல்பம் ஒன்றில். அதுவரை கேட்டவர்களெல்லாம் ஆள் தெரியாமலேயே அவருக்கு ரசிகர்கள்.

ஒரு சின்ன வேலை தருகிறேன். மோகினி வாயால் கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்கட்டு, சொல்லிக்கொண்டே அதே சொல்லைக் கம்பியிலும் வாசிக்கிற காணொளிகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு தொடையில் தாளம் போட்டபடி கேளும். நம்மூர்க் கோயில் வாசலில் தவில் கேட்டு வளர்ந்த கைக்கு எங்கே சமம், அதாவது தாளத்தின் முதல் அடி, விழும் என்று தெரியும். தவறினால் திரும்பப் போடும். நான் மூன்று தடவை தவறினேன்.

கேள்வி: என் மகன் சர்ச் கொயரில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். போனில் படம் பிடித்துப் போட்டுப் பார்த்தால் அவன் வாசிப்பது மட்டும் கேட்கவே இல்லை. "இவன் சும்மா புடிச்சிட்டு நிக்கானோ?" என்று அவுக அப்பா கேட்கிறார்.
- வாசகி, வீரவநல்லூர்

பதில்: தங்கச்சி, பிள்ளையைச் சந்தேகப்படாதீங்க. பேஸில் ஆகத் தடித்த கம்பியை விரல் வைக்காமல் சுண்டினால் நொடிக்கு 41 தடவை அதிரும். போனுக்குள் இருக்கிற ஸ்பீக்கர் நகத்தளவு. அவ்வளவு தாழ்ந்த ஒலிக்குக் காற்றைத் தள்ள அதுக்குத் தெம்பு கிடையாது. ஆனாலும் பல பாட்டில் போனிலேயே பேஸ் கேட்கிற மாதிரி இருக்கும். அது மூளை செய்கிற வேலை. நொடிக்கு 82, 123 தடவை என்று அதே கம்பியில் மேலே மேலே பிறக்கிற ஒலிகளை வைத்துக்கொண்டு, அடியில் இருக்க வேண்டியதை மூளையே நிரப்பிக்கொள்ளும். கொயரில் கீபோர்டும் ஐம்பது குரலும் சேர்ந்து அந்த மேல் ஒலிகளையும் அமுக்கிவிடும், பாவம் அவன் என்ன செய்வான்?

அவுக அப்பாவுக்கு நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிவிட்டு அதே படத்தைப் போடுங்க. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டுபோய் அவன் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப் பக்கத்து பெஞ்சில் உட்கார வையுங்க. பெஞ்சே சொல்லும்.

கேள்வி: முதல் பேஸ் வாங்கப் போகிறேன். நாலு கம்பியா, ஐந்து கம்பியா?
- வாசகர், ஆலங்குளம்

பதில்: நாலு. ஐந்தாவது என்றைக்குக் குறைகிறதோ அன்றைக்கு வாங்கும்.

கேள்வி: பேஸ் கம்பி விலை கையைக் கடிக்கிறது. பழைய கம்பியைச் சுடுதண்ணீரில் போட்டால் புதுசு மாதிரி ஆகும் என்கிறார்களே, நிஜமா?
- வாசகர், திசையன்விளை

பதில்: நிஜம்தான். கம்பியின் சுற்றுக்குள்ளே விரல் வேர்வையும் எண்ணெயும் போய் அடைந்துகொள்ளும், அதனால்தான் ஓசை மக்கிப்போகிறது. பத்து நிமிஷம் கொதித்தால் அழுக்கு கழன்று வரும். கொஞ்ச நாள் கணீரென்று இருக்கும், பிறகு பழைய கதைதான். கம்பி அறுந்தால்தான் ஜேமர்சன் மாற்றுவார் என்பார்கள். அவருக்கு அந்த மக்கின ஓசைதான் பிடித்திருந்தது. நமக்குக் கோயில் கொடைத் திருவிழாவில் வாணவேட்டுக்கும் நையாண்டி மேளத்துக்கும் நடுவில் கேட்க வேண்டுமே.

நாங்குநேரிப் பக்கம் ஒரு கொடைக்கு முதல் நாள், நாலு கம்பியையும் சுருட்டி அடுப்பில் கொதிக்கப் போட்டேன். அவசரத்தில் கையில் கிடைத்தது பால் சட்டி. மறுநாள் காலையில் காபியைக் குடித்துவிட்டு அம்மை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சட்டி கொல்லைக்குப் போனது, கோழிக்குத் தண்ணீர் வைக்க. நானும் ஈரத்தோடு கம்பியை மாட்டிவிட்டேனா, கொடை முடிகிறதுக்குள்ளே ஆக மெல்லிய ஜி கம்பியில் துரு ஏறிவிட்டது. துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு மாட்டும். சட்டிக்கு மட்டும் வீட்டில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளும்.