ஐநூறைத் தாண்டாமல் இருக்க: வீட்டு மின்கட்டணக் கேள்வி பதில்

முப்பது வருடமாக வயரிங், மோட்டார் ரீவைண்டிங் வேலை பார்க்கிறேன். வீட்டில் மின்சாரத்தைக் குறைப்பது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். நாம் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ எரியாமல் தப்பிய நிலக்கரி. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த கொசஸ்தலை ஆற்றைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

மதுரை வாசகி: சார், போன தடவை 490 யூனிட். இந்தத் தடவை 510தான். தொகை மட்டும் எகிறிவிட்டது. மீட்டர் பழுதா?

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. நீங்கள் ஐநூறைத் தாண்டிவிட்டீர்கள். 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். பிறகு விலை மாறியிருந்தாலும் விஷயம் புரியும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் ரூ.2.25, அதற்கடுத்த 200 யூனிட் ரூ.4.50, கடைசி 100 யூனிட் ரூ.6. மொத்தம் ரூ.1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் அந்த ரூ.2.25 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே ரூ.4.50, அடுத்த 100 யூனிட் அதே ரூ.6, 501-வது யூனிட் ரூ.8. மொத்தம் ரூ.1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

அதனால் ரீடிங் எடுத்த அன்றே எண்ணைக் காலண்டரில் குறித்து வையுங்கள். முப்பதாம் நாள் திரும்பப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் மீதி மாதம் கையைச் சுருக்க வேண்டும். பில் வந்த பிறகு யோசித்துப் பயனில்லை.

கோவை வாசகர்: ப்ளக்கில் சொருகினால் பில் பாதியாகும் என்று பவர் சேவர் பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். உள்ளே ஒரு சின்ன கெபாசிட்டரும் ஒரு எல்.இ.டி. விளக்கும்தான். கெபாசிட்டர் பவர் ஃபேக்டரை, அதாவது வரும் கரண்டில் எவ்வளவு வேலைக்குப் பயனாகிறது என்ற அளவைத் திருத்தும். வீட்டு மீட்டரோ நீங்கள் உண்மையில் செலவழித்த யூனிட்டைத்தான் எண்ணும். அதில் ஒரு பைசா குறையாது. இதை வாங்கி ஏமாந்தவர்கள் வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன்.

தஞ்சாவூர் வாசகர்: பி.எல்.டி.சி. என்கிற, குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை ஃபேன் அந்த விலைக்குத் தகுமா?

தகும், ஆனால் எல்லா அறைக்கும் அல்ல. பழைய ஃபேன் 75 வாட், இது சுமார் 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். 510-ல் நிற்கிற வீட்டை ஒரே ஒரு ஃபேன் 470-க்கு இறக்கிவிடும். எது அதிகம் ஓடுகிறதோ, அநேகமாக ஹால் ஃபேன், அதை மட்டும் முதலில் மாற்றுங்கள். விருந்தாளி அறை ஃபேன் நன்றாக ஓடினால் ஓடட்டும். நல்ல பொருளைக் குப்பையில் போடுவது சிக்கனமும் இல்லை, சுற்றுச்சூழலுக்கு நல்லதும் இல்லை.

திருச்சி வாசகர்: ஃபேனுக்கு எதற்கு இவ்வளவு செலவு? ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் போதாதா?

எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் நன்றாகவே குறையும்.

சேலம் வாசகர்: தவறு அண்ணே. ஒன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் கரண்ட் ஒன்றுதான். எங்கள் அப்பா காலத்திலிருந்து கேட்டு வருகிறோம்.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அப்பா காலத்தில் சுவரில் பெரிய பெட்டி ரெகுலேட்டர் இருந்தது. அதற்குள் ரெசிஸ்டன்ஸ் கம்பிச்சுருள். வேகத்தைக் குறைத்தால், மிச்சமாக வேண்டிய கரண்டில் ஒரு பங்கு அந்தச் சுருளில் சூடாக வீணாகும். தொட்டால் சுடும். அதைப் பார்த்துத்தான் ‘ஒன்றுதான்’ என்றார்கள். அந்தப் பெட்டியில்கூடக் கொஞ்சம் குறையும்.

சேலம் வாசகர்: கொஞ்சம் என்றால்? நிரூபியுங்கள்.

நீங்களே பாருங்கள் தம்பி. மீட்டரில் மின்னுகிற சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். 3200 என்றால், 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட். ஃப்ரிட்ஜ், மோடம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். 75 வாட்டுக்குப் பதினைந்து விநாடிக்கு ஒரு தடவை மின்னும். அப்புறம் வேகத்தைக் குறைத்து எண்ணுங்கள். இடைவெளி கூடினால் செலவு குறைகிறது.

வேலூர் வாசகி: பவர் சேவர் நல்லதா சார்?

இல்லை. கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகர்கோவில் வாசகி: கீசரை நாள் முழுக்க ஆனில் வைத்தால்தான் மிச்சம் என்கிறார்களே?

இல்லை. 2000 வாட் கீசர் அரை மணி நேரம் சூடேற்றினால் ஒரு யூனிட். தொட்டியில் நிற்கிற நீர் ஆற ஆற அது திரும்பத் திரும்பச் சூடேற்றும். குளிக்கப் போகுமுன் போட்டு, உடனே நிறுத்துங்கள்.

சென்னை வாசகர்: ஏ.சி. எத்தனையில்?

26, கூடவே ஃபேன் மெதுவாக. ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய ஆறு சதவீதம் மிச்சம்.

சென்னை, இன்னொருவர்: குடிநீர் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றலாமா?

கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் பயன்படுத்துங்கள். உங்கள் போர் தண்ணீர் உப்பு என்றால் கழிவு நீர் அதைவிட உப்பு, தொட்டிச் செடி தாங்காது.

ஈரோடு வாசகர்: மாடியில் சோலார் போட்டால்?

ஒரு கிலோவாட் சோலார் பலகை நாளுக்கு நான்கு யூனிட் அளவுக்குத் தரும். 2024-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம். மாடி பாரம் தாங்குமா என்பதைக் கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள்.

கரூர் வாசகர்: ஐயா, பவர் சேவர் வீடியோவில் மீட்டர் மெதுவாக ஓடுவதைக் காட்டுகிறார்களே?

அவர்கள் காட்டுவது ஆம்பியர் மீட்டர். உங்கள் பில் ஆம்பியரில் வருவதில்லை, யூனிட்டில் வருகிறது. மூன்றாவது தடவை சொல்கிறேன்: வாங்காதீர்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

சேலம் வாசகர்: அண்ணே, எண்ணிப் பார்த்தேன். எங்கள் மீட்டரும் 3200தான். ஹாலில் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்: முழு வேகத்தில் 15 விநாடி, ஒன்றில் 48. அப்பா அறையில் பழைய பெட்டி: 15, ஒன்றில் 22.

பாருங்கள், ஹாலில் 75 வாட் 23-க்கு வந்துவிட்டது. பெட்டியில் 51 வாட்டில் நிற்கிறது. அந்தப் பெட்டியை இந்த வாரமே மாற்றிவிடுங்கள் தம்பி. அப்பா பக்கத்தில் இருக்கும்போது இன்னொரு தடவை எண்ணிக் காட்டுங்கள்.