லீவா, கேன்சலா?

அன்புள்ள ஐயா,

சவுதியில், தம்மாமில் 17 வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். இந்தச் சித்திரையில் விசாவை முடித்து, எக்ஸிட் அடித்து அறந்தாங்கி பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன். முதல் இரண்டு மாதம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. அப்புறம்தான் ஆரம்பித்தது.

எதைப் பார்த்தாலும் எரிச்சல். பத்து மணிக்கு வருகிறேன் என்ற பிளம்பர் மறுநாள் வந்து சிரிக்கிறார். ரோட்டைக் கடக்கப் போனால் கழுத்து தானாக முதலில் இடப்பக்கம் திரும்புகிறது. போன வாரம் மினி பஸ்ஸில் அடிபடப் பார்த்தேன். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பிளஸ் டூ படிக்கிற மகள், கூடத்தில் உட்கார்ந்திருக்கிற என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் டூருக்குப் பணம் கேட்கிறாள். வாய் திறந்தால் "சவுதி சட்டத்தை இங்க கொண்டு வராதீங்க" என்கிறார்கள் வீட்டில். கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் "எப்ப திரும்ப?" என்கிறார்கள். ரூமில் படுத்துக்கொண்டு எந்த ஊருக்காக ஏங்கினேனோ, அந்த ஊரில் உட்கார்ந்து இப்போது அங்கே தின்ற குப்பூஸ் ரொட்டிக்கு ஏங்குகிறேன். வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பழைய ஃபோர்மேனிடம் விசாவுக்குச் சொல்லி வைக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஷார்ஜாவில் ஒன்பது வருஷம் கணக்கு எழுதிவிட்டு 2009-இல் வந்தவன் நான். துபாய்ப் பக்கம் கட்டட வேலைகள் பாதியில் நின்று, ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பிய வருஷம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் கேட்ட முதல் கேள்வி "லீவா, கேன்சலா?" 'கேன்சல்' என்று நானே சொன்னபோது, ரத்தானது விசாவா நானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

வந்து மூன்று வாரம் இருக்கும். காலையில் வாசல் திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறேன். பால்காரர் வண்டியை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்துக் கேட்டார்: "வீட்ல யாரும் இல்லையா?" நான் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் போய்விட்டார். அன்றைக்குக் காபி இல்லை. மனைவி கேட்டபோது என்னால் விளக்க முடியவில்லை.

உங்களுக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு என்று வைத்தால், 17 வருஷத்தில் நீங்கள் உங்கள் வீட்டில் இருந்தது 16 மாதம். அந்த 16 மாதமும் விருந்து. நீங்கள் வருகிறீர்கள் என்று வெள்ளையடித்திருப்பார்கள், ஆட்டுக்கறி எடுத்திருப்பார்கள், கடன்காரரைக்கூட அப்புறம் வரச் சொல்லியிருப்பார்கள். நீங்களும் அட்டைப்பெட்டியைப் பிரித்து நீடோ, டாங், கோடாலித் தைலம் என்று கொடுத்துக்கொண்டே இருந்திருப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்தது லீவு வீடு. அவர்களுக்குத் தெரிந்தது லீவு அப்பா. அந்த இரண்டு மாதம் முடிந்த 61-ஆவது நாள், முன்பின் அறியாத ஒரு வீட்டுக்குள் நுழைந்திருக்கிறீர்கள். அவர்களுக்கும் வீட்டில் ஒரு புது ஆள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

படித்தவர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1963-இல் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் என்ற அமெரிக்கத் தம்பதி, வெளிநாடு போய்த் திரும்புகிறவர்களின் மனநிலை ஆங்கில டபிள்யூ எழுத்து மாதிரி போகிறது என்று எழுதினார்கள். போன இடத்தில் ஒரு முறை இறங்கி ஏறும், வீடு திரும்பியதும் இன்னொரு முறை இறங்கி ஏறும். சரிதான், ஆனால் அவர்கள் பார்த்தது படிக்கவும் பாடம் நடத்தவும் போன ஆட்களை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விமான நிலையத்தில் அழுதவனின் கோட்டை எந்த எழுத்தில் வரைவது?

எனக்கு ஆல்ஃபிரட் ஷூட்ஸ்தான் நெருக்கம். வியன்னாக்காரர். நாஜிகளால் ஊரை விட்டு அமெரிக்கா வந்து, பகலில் வங்கித் தொழில், மிச்ச நேரத்தில் தத்துவம். உலகப்போர் முடிந்த 1945-இல், வீடு திரும்பும் சிப்பாய்களை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கிரேக்கக் காவிய நாயகன் ஒடிஸியஸ் இருபது வருஷம் கழித்துத் தன் தீவில் கண் விழித்து, இது எந்த ஊர் என்று திகைப்பதில்தான் ஆரம்பிக்கிறார். போனவனும் மாறுகிறான், இருந்தவர்களும் மாறுகிறார்கள், ஆனால் இரண்டு பேர் மனசிலும் இருப்பது பழைய போட்டோ என்பது அவர் சொன்னதன் சாரம். தினமும் வீடியோ கால் பேசினோமே என்பீர்கள். போனில் தெரிவது முகம் மட்டும்தான் எஸ். மகள் யாரிடம் முதலில் பணம் கேட்பாள் என்பது அதில் தெரியாது.

இப்போது விசா. இந்த ஐப்பசி வரை யாருக்கும் போன் போடாதீர்கள். காரணம் இருக்கிறது. நீங்கள் எப்போதும் மே மாதப் பள்ளி லீவை ஒட்டித்தான் வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். வீடு கட்டி ஆறு வருஷமாகியும் அடைமழைக்கு நான் அங்கே இருந்ததில்லை. 2009 ஐப்பசியில் ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தது. கரண்ட் இல்லை. மனைவி தூக்கத்திலிருந்து எழுந்து, விளக்குகூட ஏற்றாமல், பித்தளைச் சட்டியைக் கொண்டுபோய்ப் பீரோவுக்கு இடதுபக்கம் வைத்தாள். முதல் சொட்டு சரியாக அதில் விழுந்தது. என் காசில் போட்ட தளம், எங்கே ஒழுகும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் எனக்கு வாயடைத்தது. காலையில் மாடி ஏறி விரிசலைப் பார்த்தேன். சிமென்ட் குழைத்துப் பூசினேன், சரியாக வரவில்லை, அடுத்த மழையிலும் சட்டி வைத்தோம். ஆனால் இந்தத் தடவை வைத்தது நான்.

மகள் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். அவள் உங்களை அவமதிக்கவில்லை. இத்தனை வருஷம் எந்தக் கதவைத் தட்டிப் பழகினாளோ அதைத் தட்டுகிறாள். பணம் நான் அனுப்பியது என்று மட்டும் அந்த வீட்டில் சொல்லிவிடாதீர்கள். நான் ஒரு தடவை சொன்னேன், பதிலுக்கு மனைவி சேர்த்து வைத்திருந்த ரசீதுகளைப் பார்க்க ஒரு மாலை போதவில்லை. பிளம்பரைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை, என் பிளம்பரும் மறுநாள்தான் வருவார். ஏசி வேலை தெரிந்த நீங்கள் சொன்ன நேரத்துக்குப் போய் நின்றால், அறந்தாங்கியில் உங்களைத் தேடி வருவார்கள் என்றே நினைக்கிறேன்.

குப்பூஸுக்கு வெட்கப்படாதீர்கள். எட்டுப் பேர் படுத்த ரூமில், ஒரே தட்டில் பிய்த்துத் தின்றது அது. நான் கோதுமை மாவில் இரண்டு முறை சுட்டுப் பார்த்தேன், அப்பளம் மாதிரி வந்தது.

பால்காரர் இன்னும் அவரேதான் வருகிறார். "வீட்ல யாரும் இல்லையா?" என்று இப்போது கேட்பதில்லை. "சார், அக்கா இல்லையா?" என்கிறார்.