ஹாங்காங்: கொடி இறங்குவதற்கு முன்

அன்புள்ள சார்,

உங்கள் ஹாங்காங் கட்டுரை 1997 ஜூன் 30 அன்று மழையில் நனைந்த பிரியாவிடையோடு முடிந்துவிட்டது. ஹாங்காங்கைச் சீனாவிடம் திருப்பித்தர பிரிட்டன் போட்ட ஒப்பந்தம் 1984-லேயே கையெழுத்தானதே, நடுவில் 12 வருடங்களுக்கு மேல் என்ன செய்தார்கள்? பிரிட்டன் எல்லாவற்றையும் முறையாகச் செய்துகொடுத்தது, போர்ச்சுகல் பக்கத்திலிருந்த தன் காலனியான மக்காவை அப்படியே போட்டுவிட்டுப் போனது என்கிறார் என் நண்பர். சரியா?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

பாதி சரி.

ஒப்படைப்பில் பெரும்பகுதி குமாஸ்தா வேலைதான். ஹாங்காங் மக்களில் மிகப் பெரும்பாலோர் பேசியது கான்டனீஸ் என்ற சீன மொழிவகை. சட்டங்களோ 1980களின் பிற்பகுதி வரை ஆங்கிலத்தில் மட்டுமே இயற்றப்பட்டன. 1987-ல்தான் விதியை மாற்றினார்கள். அப்புறம் புதிய சட்டங்களை இரண்டு மொழிகளிலும் எழுதவேண்டும், ஒன்றரை நூற்றாண்டாகச் சேர்ந்த பழையவற்றையும் சீனத்துக்குக் கொண்டுவரவேண்டும். ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் பல கருத்துகளுக்குச் சீனத்தில் சொல்லே கிடையாது, புதிதாக உண்டாக்கினார்கள். வேலை முடிந்தது 1997 மே மாதம். ஜூலை 1-ல் ஒப்படைப்பு! முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வெள்ளையடித்து முடிக்கிற கல்யாண வீடு மாதிரிதான். நாணயத்தில் மட்டும் முந்திக்கொண்டார்கள்: 1993-லிருந்தே ராணியின் தலை போய் பாஹினியா பூ வந்துவிட்டது.

மக்காவில் நிலைமை இன்னும் மோசம், அதில் நண்பர் சொல்வது சரி. தன் நாட்டில் நடந்த 1974 புரட்சிக்குப் பிறகு காலனிகளைக் கைவிட்ட போர்ச்சுகல் அரசு, மக்காவையும் திருப்பித்தரத் தயாராக இருந்தது. பெய்ஜிங்தான் அவசரப்படவில்லை. ஒப்பந்தம் 1987-ல்தான் வந்தது. உள்ளூரில் சட்டப் படிப்பு 1988-ல் தொடங்கியது. சீனத்தை ஆட்சிமொழியாக்கும் ஆணை 1991 டிசம்பர் கடைசியில் வந்தது. உயரதிகாரிகளில் பெரும்பாலோர் போர்ச்சுகலிலிருந்து வந்தவர்கள், அவர்கள் இடத்துக்கு உள்ளூர்க்காரர்களைத் தயார்செய்யக் கையில் இருந்தது சில வருடங்களே. புதிய சிவில் சட்டத் தொகுப்பு 1999-ல், ஒப்படைப்புக்குச் சில மாதங்கள் இருக்கும்போது வெளியானது.

ஆனால் பாஸ்போர்ட் விஷயத்தில் உங்கள் நண்பரோடு எனக்குச் சண்டை உண்டு. 1981-க்கு முன் மக்காவில் பிறந்தவர்களைப் போர்ச்சுகல் தன் முழுக் குடிமக்களாகவே வைத்துக்கொண்டது, சீனர்கள் உட்பட. லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையில் அந்த பாஸ்போர்ட் இருந்தது. பிரிட்டன் ஹாங்காங்காரர்களுக்குக் கொடுத்தது அந்நாட்டில் குடியேற உரிமை தராத ஒரு பாஸ்போர்ட். பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தைச் சீன ராணுவம் 1989-ல் ஒடுக்கிய பிறகு, 1990-ல், தேர்ந்தெடுத்த 50,000 பேருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் கதவைத் திறந்தது. மீதி லட்சக்கணக்கானவர்கள்?

இதில் மிக அதிகம் தவித்தவர்கள் ஹாங்காங்கில் தலைமுறைகளாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர். சீன இனத்தவர் இல்லை என்பதால் அவர்களுக்குச் சீனக் குடியுரிமை தானாகக் கிடைக்காது. பிரிட்டன் தந்த பாஸ்போர்ட்டோ பிள்ளைகளுக்கு இறங்காது. வேறு நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு முழுக் குடியுரிமை தரும் சட்டம் லண்டனில் 1997 தொடக்கத்தில்தான் நிறைவேறியது. நீங்கள் கேட்ட அத்தனை வருடங்களில் கடைசிச் சில மாதங்கள் அவை.