வீணையின் கார்வை இரைச்சலா?

கேள்வி: வெளிநாட்டில் வசிக்கும் மாணவிகளுக்கு இணையவழியில் வீணை கற்பிக்கிறேன். தம்புராவின் ஒலி சில நொடிகளில் மறைந்துவிடுகிறது என்றும், மீட்டு மட்டும் கேட்கிறது, அதன்பின் நீளும் கார்வையில் வரும் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) கேட்பதில்லை என்றும் அவர்கள் சொல்கிறார்கள். வேகமான இணைப்பும் நல்ல மைக்கும் வாங்கியும் பயனில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: பழுது இணைப்பிலும் இல்லை, மைக்கிலும் இல்லை. காணொளி அழைப்புச் செயலிகள் பெரும்பாலும் அலுவலகக் கூட்டங்களை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டவை என்பதால், பேச்சைத் தவிர்த்த ஒலியெல்லாம் அவற்றின் கணக்கில் இரைச்சல்தான். பேச்சொலி கணத்துக்குக் கணம் மாறும். மின்விசிறியின் ஓசை ஒரே சீராக நீடிக்கும். ஆகவே, சீராக நீடிக்கும் ஒலியை அளந்து மொத்த ஒலியிலிருந்து கழித்துவிடும் முறை 1970களின் இறுதியிலேயே வந்துவிட்டது. சுருதி பிசகாமல் இடைவிடாது ஒலிப்பதுதான் தம்புராவின் வேலை என்றாலும், அதே காரணத்துக்காக அது மின்விசிறியோடு சேர்த்துக் கழிக்கப்படுகிறது.

வீணைக்கு நேர்வது இதைவிட மோசம். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை வாசிக்கும்போது, ஒருமுறை மீட்டிவிட்டு, தந்தியை இழுத்து, தேய்ந்துகொண்டே போகும் ஒலிக்குள்தான் அந்த அசைவு முழுவதையும் காட்டுகிறீர்கள். செயலியோ, ஒலி தணியத் தொடங்கியதும் பேச்சு முடிந்தது என்று முடிவுகட்டி, மிச்சத்தை வெட்டிவிடுகிறது. ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதியும் சேர்ந்துகொண்டால், அழுத்தி மீட்டியதும் மெல்ல மீட்டியதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். இத்தனைக்கும், ஒலியைச் சுருக்கி அனுப்ப இன்று பரவலாகப் பயன்படும், 2012இல் தரநிலையாக ஏற்கப்பட்ட ஓபஸ் தொழில்நுட்பம் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான இசையைச் சுமந்து செல்ல வல்லது. அதனிடம் போய்ச் சேரும் முன்பே வெட்டு விழுந்துவிடுவதுதான் சிக்கல்.

உங்கள் செயலியின் ஒலி அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்றோ, இசைக்கான மோடு என்றோ ஒரு தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையெனில் இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு இரண்டையும் தனித்தனியே அணையுங்கள். எதிரொலி நீக்கத்தையும் அணைக்க முடியும், ஆனால் அப்போது இருபுறமும் ஹெட்போன் கட்டாயம். மாணவியின் வீணை உங்களுக்குச் சரியாகக் கேட்க, அவருடைய கருவியிலும் இதே மாற்றங்களைச் செய்ய வேண்டும். சில செயலிகளில் இந்தத் தெரிவுகள் கணினிப் பதிப்பில் மட்டுமே கிடைக்கின்றன. சிலவற்றில் ஒவ்வொரு அழைப்பிலும் மறுபடி இயக்க வேண்டியிருக்கிறது. கேட்காமலே ஒரு வசதியைத் திணித்துவிட்டு, அதை அணைக்கும் பொத்தானைப் மெனுவுக்குள் மெனுவாக ஒளித்துவைப்பது பயனரை மதிக்கும் செயல் அல்ல என்பதால், உங்கள் சலிப்பு முற்றிலும் நியாயமானது.

இவ்வளவும் செய்த பிறகும் இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க இயலாது, ஏனெனில் ஒலி சென்று சேரும் தாமதத்தில் தாளம் நிற்காது. ஆகவே நீங்கள் ஒரு வரி வாசித்து, மாணவி அதைத் திருப்பி வாசிக்கும்படி பாடத்தை அமைத்துக்கொள்ளுங்கள். நுட்பமான கமகங்களைக் கைபேசியில் தனியாகப் பதிவுசெய்து, வகுப்புக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.