குழாய்க்குள் போன நீரும் வீடு வந்து சேராத நீரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை குடிநீர்க் குழாய்க் கசிவைச் சதவீதத்தில் சொல்லும் கணக்கைப் பற்றியவை. ஆகவே அதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கணக்கில் வராத நீர் என்றால் கசிவுதானே?

இல்லை. வழங்கலில் செலுத்திய நீருக்கும் கட்டணம் விதிக்கப்பட்ட நீருக்கும் உள்ள வேறுபாட்டை வருவாய் ஈட்டாத நீர் என்றும் சொல்வார்கள்; அதில் மூன்று பங்குகள் உண்டு. துளை, வெடிப்பு, தொட்டி வழிதல் ஆகியவற்றால் மண்ணுக்குப் போவது மெய் இழப்பு. தேய்ந்த மீட்டர், திருட்டு இணைப்பு, பதிவேட்டுப் பிழை ஆகியவற்றால் கணக்கிலிருந்து தப்புவது தோற்ற இழப்பு. தீயணைப்புக்கும் குழாய் கழுவுவதற்கும் கட்டணமின்றிக் கொடுப்பது மூன்றாவது. பன்னாட்டு நீர்ச் சங்கம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் இந்தப் பகுப்பை வரையறுத்தது. தோற்ற இழப்பில் போகும் நீரை யாரோ ஒருவர் பயன்படுத்திவிட்டார். மெய் இழப்பில் போகும் நீர் யாருக்கும் பயன்படவில்லை. முன்னதற்கு மீட்டரை மாற்ற வேண்டும், பின்னதற்குக் குழாயைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மிகச் சிறிய துளையால் என்ன பெரிய நட்டம் வந்துவிடும்?

30 மீட்டர் உயர நீரின் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டரை வெளியேற்றும். அதை மூன்று மாதம் யாரும் கவனிக்காவிட்டால் எட்டு லட்சம் லிட்டர் போய்விடும். சாலையில் பீறிடும் பெரிய உடைப்பைச் சில மணி நேரத்தில் மூடிவிடுகிறார்கள். மண்ணுக்கடியில் மாதக்கணக்கில் ஓடும் சிறு துளையை யாரும் தேடுவதில்லை. இழப்பைத் தீர்மானிப்பது ஓட்டமும் அது நீடிக்கும் காலமும் சேர்ந்துதான்.

கேள்வி: எங்கள் நாட்டில் 38 சதவீதம் கசிகிறது, இன்னொரு நாட்டில் 20 சதவீதம்தான் என்கிறார்கள். உலகில் ஆண்டுக்கு 12,600 கோடி கன மீட்டர் கசிவதாகவும் படித்தேன். நாம் ஏன் இவ்வளவு மோசம்?

முதலில் உலகக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்த 12,600 கோடி என்பது வருவாய் ஈட்டாத நீர் முழுவதற்குமான மதிப்பீடு. கசிவு அதில் ஒரு பகுதிதான். இந்த வேறுபாட்டை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த கடிதத்தில் இரண்டும் மீண்டும் ஒன்றாகவே வருகின்றன.

இனிச் சதவீதத்துக்கு வருகிறேன். ஒரு நகருக்கு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் செலுத்துகிறார்கள் என்றும், அதில் 3 கோடி கசிந்து 7 கோடி மக்களுக்குச் சேர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கசிவு 30 சதவீதம். வறட்சிக் காலத்தில் மக்கள் சிக்கனமாக இருந்து 5 கோடி மட்டும் பயன்படுத்துகிறார்கள். கசிவு அதே 3 கோடி. செலுத்தும் 8 கோடியில் இப்போது அது 37.5 சதவீதம்! மக்கள் நீரைச் சேமித்ததற்காக அந்த நகரத்துக்குக் கெட்ட பெயர். மறு ஆண்டு நுகர்வு 12 கோடியாகப் பெருகினால் அதே 3 கோடிக் கசிவு 20 சதவீதமாக இறங்கிவிடுகிறது. இந்த மூன்று கணக்குகளுக்கும் இடையில் ஒரு துளைகூடத் திறக்கவும் இல்லை, அடைபடவும் இல்லை.

நீர் விடும் நேரத்தையும் பாருங்கள். நாளுக்கு 4 மணி நேரம் மட்டும் நீர் வரும் ஊரில் ஓர் இணைப்புக்கு 100 லிட்டர் கசிகிறது என்றால், அதே குழாய்கள் அதே அழுத்தத்தில் 24 மணி நேரமும் நிறைந்திருக்கும்போது 600 லிட்டர் கசியும். நேரத்தைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் அறிக்கையில் போடும் நிர்வாகம் தன்னையும் ஏமாற்றிக்கொள்கிறது, மக்களையும் ஏமாற்றுகிறது. இணைப்பு ஒன்றுக்கு நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் என்று சொல்லி, சராசரி அழுத்தத்தையும் நீர் விடும் நேரத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒப்பிட முடியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-களின் நடுவில் நாளொன்றுக்குச் சுமார் 500 கோடி லிட்டராக இருந்த கசிவு இப்போது 300 கோடியை ஒட்டி நிற்கிறது. இப்படி லிட்டரில் சொன்னதால்தான் உண்மையில் எவ்வளவு குறைந்தது என்று நமக்குத் தெரிகிறது. எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் அதன் அலகைக் கேளுங்கள்.

கேள்வி: நீர் விடும் நேரத்தைக் குறைத்தால் கசிவும் குறையும் அல்லவா?

குறையும். ஆனால் அதைக் கசிவுக் கட்டுப்பாடு என்று சொல்லாதீர்கள். குழாயில் அழுத்தம் இறங்கும்போது, நீர் வெளியேறிய அதே துளை வழியாகச் சாக்கடை நீர் உள்ளே வரும். வெறுமையான குழாய் மீண்டும் நிறையும்போது எழும் அழுத்த அலை புதிய வெடிப்புகளை உண்டாக்கும். அடைபட்ட காற்று மீட்டரைச் சுழற்றிப் பொய்க்கணக்கும் காட்டும்.

கேள்வி: தரையில் ஈரமே இல்லாத இடத்தில் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பகிர்மானத்தை மண்டலங்களாகப் பிரித்து, உள்ளே வரும் வழியில் மீட்டர் பொருத்தி, நுகர்வு மிகக் குறைந்திருக்கும் அதிகாலை 2 முதல் 4 மணிவரை ஓட்டத்தை அளக்க வேண்டும். அந்த நேரத்து ஓட்டத்தில் பெரும்பகுதி கசிவுதான்.

ஓர் இரவு ஒரு குடியிருப்பில் மண்டல மீட்டரின் முள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனோம். ஏழாவது வால்வை மூடியதும் முள்ளின் வேகம் பாதியாக இறங்கியது. அந்தத் தெரு முழுவதும் தரை காய்ந்தே கிடந்தது. வால்வைத் திறந்துவிட்டு, அதன் தலையில் இரும்புக் கம்பியை ஊன்றி மறுமுனையில் காதை வைத்தபோது சீறல் தெளிவாகக் கேட்டது. தோண்டிப் பார்த்தால், பெருங்குழாயிலிருந்து வீட்டு இணைப்பு பிரியும் மூட்டான ஃபெரூலின் அடியில் விரல் நகம் அளவுக்கு ஒரு விரிசல். அதிலிருந்து வந்த நீர் பக்கத்து மழைநீர் வடிகாலுக்குள் இறங்கிக்கொண்டிருந்ததால் மேலே ஒரு துளியும் தெரியவில்லை. அளக்காமல் தோண்டியிருந்தால் தெருவைத்தான் நாசமாக்கியிருப்போம்.

பிளாஸ்டிக் குழாய் ஒலியை விரைவில் மட்டுப்படுத்திவிடும் என்பதால் அங்கே கம்பியை மட்டும் நம்ப முடியாது.

கேள்வி: இரவில் அழுத்தத்தைக் குறைப்பது மக்களை ஏமாற்றும் வேலை என்கிறார் எங்கள் பொறியாளர். சரியா?

தவறு. இரவில் யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில் அழுத்தம் தேவைக்கு மேல் ஏறி நிற்கும். பொதுவாக, அழுத்தத்தை 10 சதவீதம் குறைத்தால் கசிவும் ஏறத்தாழ அதே அளவு குறையும். புதிய உடைப்புகளும் குறையும். மேட்டு நிலத்தில் இருக்கும் கடைசி வீட்டின் அழுத்தத்தை அளந்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: கசிவை அறவே ஒழிக்க முடியாதா?

முடியாது. மூட்டுகளில் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஊறல் எப்போதும் இருக்கும். டோக்கியோ பல பத்தாண்டு உழைப்பில் சுமார் 3 சதவீதத்துக்கு வந்தது. 1993-இல் 72 சதவீத நீரைக் கணக்கில் இழந்த கம்போடியத் தலைநகர் புனோம் பென், திருட்டு இணைப்புகளை முறைப்படுத்தி, எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்து, குழாய்களை மாற்றி, அதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்தது. இரண்டு ஊர்களும் வெவ்வேறு இழப்பைக் கணக்கிட்டவை: டோக்கியோவின் எண் கசிவு மட்டும், புனோம் பென்னின் எண் வருவாய் ஈட்டாத நீர் முழுவதும். இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: எங்கள் பகுதியில் கசிவு அதிகம். குழாய்களை எல்லாம் மாற்றிவிடலாமா?

குழாய் எந்தப் பொருளால் ஆனது, எத்தனை ஆண்டு பழையது, அழுத்தம் எவ்வளவு, நாளுக்கு எத்தனை மணி நேரம் நீர் வருகிறது, இரவு ஓட்டம் எவ்வளவு என எதையும் எழுதாமல் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? அளக்காமல் தோண்டாதீர்கள். கசிவில் பெரும்பகுதி வீட்டு இணைப்புகளில் இருந்தால், பெருங்குழாயை மாற்றிய பிறகும் அது அப்படியே தொடரும். இரவு ஓட்டத்தை ஒரு வாரம் குறித்து அனுப்புங்கள்; அதைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.