பொலோன்யாவில் ஒரு பகல்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

நவம்பர் இரண்டாம் வாரம் நானும் மனைவியும் இத்தாலியில் பிளாரன்ஸில் நான்கு நாள் தங்குகிறோம். அதில் ஒரு நாள் பொலோன்யா போய்வர எண்ணம். எனக்கு 61, அவளுக்கு 57. அவளை முழங்கால் கொஞ்சம் படுத்தும், இருவரும் சைவம். இரட்டைக் கோபுரத்தில் ஏறுவது, சான் லூகா மலைக்கோயில், பழைய பல்கலைக்கழகம், பெரிய தேவாலயம், ஏழு தேவாலயம், கால்வாய் ஜன்னல், இரண்டு மியூசியம் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். நடந்தே முடியுமா? மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

எஸ்.ஆர்., கோவை

அன்புள்ள எஸ்.ஆர்.,

பட்டியலின் முதல் இரண்டையும் அடித்துவிடுங்கள். அஸிநெல்லி கோபுரத்துக்கு 498 படி. பக்கத்திலுள்ள சாய்ந்த கோபுரம் காரிசெந்தாவின் நிலை கவலைக்கிடமானதால் 2023 அக்டோபரிலிருந்து ஏறவிடுவதில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம், அதுவே போதும். சான் லூகாவுக்கு சரகோஸா வாசலிலிருந்து 666 வளைவுகள், 3.8 கிலோமீட்டர். பிற்பாதி முழுக்க ஏற்றமும் படிகளும். முழங்கால் ஏறும்போது பொறுத்துக்கொள்ளும், இறங்கும்போதுதான் பழிவாங்கும். போயே ஆகவேண்டுமென்றால் பியாட்ஸா மஜ்ஜோரே சதுக்கத்திலிருந்து கிளம்பும் சுற்றுலா வண்டியில் போங்கள். ஆனால் பாதிப் பகல் அதற்கே போய்விடும்.

மழையைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்த ஊரின் விசேஷமே தெருவோரக் கூரைதான். போர்த்திகோ என்பார்கள். நம்மூர்த் திண்ணையை வரிசையாக ஒட்டவைத்து, மேலே மாடியைத் தூணில் நிறுத்தி, கீழே ஊரார் நடக்க விட்டதுபோல. இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லோருக்கும். மாணவர் கூட்டம் பெருகி வீடு போதாமல், மேல்மாடியைத் தெருப்பக்கம் நீட்டிக்கட்டியதில் தொடங்கியது. 1288இல் நகரச் சட்டமே இதைக் கட்டாயமாக்கியது. குதிரையில் வருபவன் தலை இடிக்காத உயரம் வேண்டும் என்பதும் விதி. இன்று எல்லாம் சேர்த்து 62 கிலோமீட்டர். குடை அநேகமாகப் பையிலேயே கிடக்கும். பார்க்கவேண்டியது செருப்பைத்தான். பல போர்த்திகோக்களின் தரை பளபளவென்று மெருகேற்றியது. ஈரக்கால்கள் நடந்து நடந்து வழுக்கும். தேய்ந்த அடிப்பாகமுள்ள ஷூவைக் கோவையிலேயே விட்டுவிடுங்கள்.

மற்றதையெல்லாம் ஒரே ஒரு நேரத்தைச் சுற்றி அடுக்குங்கள்: பகல் 12 மணிக்குப் பத்து நிமிடம் முன் சான் பெத்ரோனியோவுக்குள், அதாவது உங்கள் பட்டியலிலுள்ள பெரிய தேவாலயத்துக்குள் இருக்கவேண்டும். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் தரையில் 66.8 மீட்டர் நீளக் கோடு ஓடும். 1655இல் வானியலாளர் காஸ்ஸினி போட்டது. 27 மீட்டர் உயரத்தில் கூரையில் ஒரு சிறு துளை. சூரியன் உச்சியைக் கடக்கும்போது துளைவழி விழும் அதன் ஒளிவட்டம் அந்தக் கோட்டைத் தாண்டும். நீங்கள் போகும் வாரத்தில் அது 12 அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது நடக்கும். அப்போது சூரியன் தாழ்ந்திருப்பதால் ஒளி துளையிலிருந்து 50 மீட்டர் தள்ளி, கோட்டின் வாசல்பக்க முனையை நோக்கி விழும். வட்டமாகவும் இராது, அரை மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள முட்டை வடிவம். நிமிடத்துக்கு ஒரு சாண் வேகத்தில் நகரும். குனிந்து பார்த்தால் ஓரம் ஊர்வது கண்ணுக்கே தெரியும், இரண்டு சொச்சம் நிமிடத்தில் கோட்டைத் தாண்டிவிடும். பக்கத்தில் ராசிக் குறிகளும் பதித்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி சூரியன் விருச்சிகத்தில். நம் பஞ்சாங்கத்தில் அப்போது ஐப்பசி, துலாம். மேற்கத்திய ராசிக் கணக்குக்கும் நம் கணக்குக்கும் உள்ள இடைவெளியை, அயனாம்ச வித்தியாசம் என்று படித்ததை, அங்கே தரையில் பார்க்கலாம். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது, நவம்பரில் அதற்கும் தயாராகப் போங்கள். கோடையில் போகிறவர்களுக்கு இது 1.15 வாக்கில், மதியம் கோயில் சாத்தும் நேரத்தோடு மோதக்கூடும், கதவில் ஒட்டியிருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

அதற்கு முன்: பிளாரன்ஸிலிருந்து அதிவேக ரயில் 40 நிமிடத்துக்குள். வழியெல்லாம் சுரங்கம், ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை வேண்டாம். 9.30க்குள் இறங்கினால் போதும். நிலையத்திலிருந்து வியா தெல் இந்திப்பெந்தென்ஸா நேராகச் சதுக்கத்தில் கொண்டுபோய் விடும், கூரைக்கடியிலேயே இருபது நிமிடம். சதுக்கத்தை ஒட்டி பொதெஸ்தா அரண்மனையின் கீழ் நான்கு வளைவு சேரும் கூடம் இருக்கிறது. இருவரும் எதிரெதிர் மூலைக்குப் போய், முகத்தைச் சுவரோடு ஒட்டி, மெல்லப் பேசுங்கள். குரல் கூரை வளைவைப் பிடித்துக்கொண்டே மறுமூலைக்கு வந்து சேரும். சுவரைவிட்டு ஓரடி விலகினாலும், வாத்தியக்காரர் யாராவது வந்து உட்கார்ந்தாலும் கேட்காது. ஆகவே காலையிலேயே முடித்துவிடுங்கள்.

அங்கிருந்து பழைய பல்கலைக்கழகக் கட்டடம் அர்க்கிஜின்னாஸியோ. மாடியில் பிணம் அறுத்துப் பாடம் நடத்திய மரக்கூடம், முழுக்க மரச்செதுக்கல். ஆசிரியர் ஆசனத்துக்கு மேலுள்ள விதானத்தைத் தாங்குபவை தோலுரித்த இரண்டு மனித உருவங்கள். தசைநார் ஒவ்வொன்றும் தெரியும். 1944 ஜனவரிக் குண்டுவீச்சில் கூடம் நொறுங்கியது. இடிபாட்டில் சிற்பங்களைப் பொறுக்கியெடுத்துத் திரும்பக் கட்டினார்கள். இதற்கு டிக்கெட் உண்டு. மியூசியம் இரண்டுக்குப் பதில் இது ஒன்று போதும்.

சாப்பாட்டில் உஷார். தோர்த்தெல்லீனி என்றால் உள்ளே பன்றி இறைச்சி, மிதப்பது கறிச்சாறில். 'இறைச்சி இல்லாமல்' என்று சொன்னால் போதாது. சாறை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்க்காமல் போகலாம். 'புரோதோ தி கார்னே?' (கறிச்சாறா?) என்று தனியாகக் கேளுங்கள். தோர்த்தெல்லோனி வேறு, அது பெரியது. ரிகோத்தா பாலாடைக்கட்டி வைத்து வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள். அதையே கேளுங்கள். வெங்காயமும் தக்காளியும் வதக்கிய ஃப்ரிஜ்ஜோனே பார்க்கச் சைவம். பழைய முறையில் பன்றிக் கொழுப்பில் வதக்குவது. பியாதீனா ரொட்டி மாவிலும் அதே கதை, 'ஸ்த்ருத்தோ' (பன்றிக் கொழுப்பு) போட்டதா என்று கேட்கவேண்டும். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பை நொதியில் உறைவது; அதை விலக்குவீர்களா என்பது உங்கள் முடிவு. பில்லில் 'கோபெர்த்தோ' என்று தலைக்கு ஓரிரு யூரோ சேர்ந்திருந்தால் ஏமாற்றவில்லை, அது உட்கார்ந்ததற்கு. சமையலறை 2.30 வாக்கில் மூடிவிடும்.

பிறகு ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் காஸா இஸோலானி. 13ஆம் நூற்றாண்டு வீடு, ஒன்பது மீட்டர் மரத்தூண்கள் இன்னும் சுமக்கின்றன. 1568இல் மரத்தூணையெல்லாம் மாற்றச் சொல்லி ஆணை வந்தும் தப்பிய சிலவற்றில் ஒன்று. அதன் உள்முற்றம் வழியாகவே அடுத்த பக்கம் சாந்தோ ஸ்தெஃபானோ, உங்கள் 'ஏழு தேவாலயம்'. இப்போது மிஞ்சியது நான்குதான், செங்கல் வேலைக்காகவே ஒரு மணி நேரம் நிற்கலாம். கால்வாய் ஜன்னல், அதாவது சுவரிலுள்ள சிறு ஜன்னல் வழியே கால்வாயைப் பார்ப்பது, ஐந்து நிமிட விஷயம், வழியில் பட்டால் எட்டிப்பாருங்கள்.

5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நடுவில் கழிப்பறை வேண்டுமென்றால் ஏதாவது பாரில் (அங்கே அது காபிக்கடை) நின்றபடி ஒரு காபி குடித்துவிட்டு 'பாஞ்ஞோ' என்று கேட்பதுதான் வழக்கம். உட்கார்ந்து குடித்தால் விலை கூடும். திரும்பும் அதிவேக ரயில் 16 முதல் 19 வரையுள்ள நடைமேடைகளில் ஒன்றில் வந்தால் அது தரைக்கு வெகு கீழே. நிலைய வாசலில் நுழைந்து அங்கே போய்ச்சேரப் பத்து நிமிடம் ஆகும், கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே போக லிஃப்ட் இருக்கிறது.