பெட்டி போய்ச் சாவி வந்த காலம்: சில கேள்விகளும் பதில்களும்

போன சனிக்கிழமை பின்நேரம் மட்டக்களப்பு கல்லடியில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் கொஞ்சப்பேர் கூடியிருந்தார்கள். சென்னையில் மீரான் சாகிப் தெருவில் ஒரு சினிமாப் பட விநியோக அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் கணக்கு எழுதிய ஆள் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். இரண்டு மணித்தியாலத்தில் பாதிக் கேள்விக்குத்தான் வாய் திறக்க முடிந்தது. மீதியைத் துண்டுக் காகிதங்களில் வாங்கி வந்தேன். எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன்.

ஏறாவூரிலிருந்து: சேர், இந்தியாவில் ஒரு படத்துக்கு இத்தனை கோடி எங்கிருந்து வருகிறது? வங்கி கொடுக்கிறதா?

சினிமாவையும் ஒரு தொழிலாக ஏற்பதாக இந்திய அரசு 1998இல் அறிவித்தது. அதற்குப் பிறகும் தமிழ்ப்படத்துக்கு வங்கிப் பணம் வருவது குறைவு. பெரும்பாலும் பைனான்சியரின் வட்டிப் பணம்தான். போஸ்டரில் தயாரிப்பாளர் என்று பெரிதாகப் பெயர் போட்டிருப்பவர் பல சமயம் கடன் வாங்கியவர், அவ்வளவுதான்.

அந்தக் கடனை அடைக்க முன்பு ஒரு வழி இருந்தது. பூசை போட்ட கையோடு ஏரியா விற்பனை தொடங்கிவிடும். தமிழ்நாட்டைச் சென்னை நகரம், என்.எஸ்.சி. (வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு), கோவை, சேலம், மதுரை-இராமநாதபுரம், திருச்சி-தஞ்சை, திருநெல்வேலி-கன்னியாகுமரி என்று கூறு போட்டிருப்பார்கள். வெளிநாட்டு உரிமைக்கு எஃப்.எம்.எஸ். என்று பெயர். நம் இலங்கை அதற்குள் ஒரு மூலையில் கிடக்கும், இல்லாவிட்டால் கொழும்பில் ஒருவர் தனியாக வாங்குவார்.

வாங்கும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. அவுட்ரேட் என்றால் மொத்தமாக வாங்குவது. இலாபமும் நட்டமும் வாங்கியவருக்கே. எம்.ஜி. என்றால் குறைந்தபட்ச உத்தரவாதம். படம் விழுந்தாலும் அந்தத் தொகை தயாரிப்பாளருக்குத்தான். அதற்கு மேல் வசூலானால் பங்கு. அட்வான்ஸ் என்பது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். வசூல் வராவிட்டால் தயாரிப்பாளர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும், அல்லது அடுத்த படத்தில் கழிக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எம்.ஜி. ஒப்பந்தங்களாகத்தான் தட்டச்சு செய்தேன். விலகும்போது எழுதியதெல்லாம் அட்வான்சும் கமிஷனும். அதாவது நட்டம் விநியோகஸ்தர் தலையிலிருந்து இறங்கி மறுபடி தயாரிப்பாளர் தலையில் ஏறிவிட்டது.

காத்தான்குடியிலிருந்து: நாளைக்குப் படம் என்றால் இன்று இரவு "வெளியாகாது" என்று செய்தி வருகிறதே, அது ஏன்?

அதெல்லாம் கடன் கதை. பிலிம் இருந்த காலத்தில் நெகட்டிவ், பிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் லேபில் இருக்கும். பணம் கொடுத்த பைனான்சியர் லேபிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வார். என் கணக்குத் தீராமல் பிரிண்ட் போடாதே என்பதுதான் அதன் பொருள். பிரிண்டைப் பெட்டியில் போட்டு பஸ்ஸிலும் ரயிலிலும் அனுப்புவோம். "பெட்டி வந்துவிட்டதா?" என்பதுதான் அன்றைக்குத் தியேட்டர்காரரின் முதல் பேச்சு.

இப்போது பெட்டி இல்லை. படம் டிஜிட்டல் கோப்பாக முன்னதாகவே தியேட்டருக்குப் போய்விடும், ஆனால் பூட்டியபடி. திறக்க ஒரு சாவி வேண்டும், கே.டி.எம். என்பார்கள். எந்த சேர்வரில், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை ஓடலாம் என்பது அந்தச் சாவிக்குள்ளேயே எழுதியிருக்கும். கடன் தீராவிட்டால் சாவி வராது. பைனான்சியர் நீதிமன்றம் போவதும், நடிகர் தன் சம்பளத்தை விட்டுக்கொடுப்பதும், விடியற்காலையில் சமரசம் நடப்பதும் அந்தச் சாவிக்காகத்தான்.

கடனே இல்லாமலும் படம் நின்றதுண்டு. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஒரு சிற்றூர்த் தியேட்டரிலிருந்து அழைப்பு. வாசலில் நானூறு பேர், பாலாபிஷேகம் முடிந்து கட்டவுட்டில் பால் வடிந்துகொண்டிருக்கிறது, படம் திறக்கவில்லை. சாவி போயிருந்தது, தேதியும் சரி. கடைசியில் பார்த்தால் முந்தின வாரம் அவர்கள் சேர்வரை மாற்றியிருக்கிறார்கள், யாருக்கும் சொல்லவில்லை. பழைய சேர்வரின் இலக்கத்துக்கு வந்த சாவி புதியதை எப்படித் திறக்கும்? புதுச் சாவி வர ஏழே முக்கால் ஆனது. அதற்குள் இரண்டு கதவுக் கண்ணாடி போய்விட்டது.

இந்தச் சாவிக்கும் தியேட்டரில் படம் காட்டும் டிஜிட்டல் கருவிக்கும் தயாரிப்பாளர் கட்டும் தொகையைத்தான் வி.பி.எஃப். என்கிறார்கள். அதைக் குறைக்கச் சொல்லி 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதம் தமிழில் புதுப்படமே வெளியாகவில்லை. எங்கள் அலுவலகத்தில் அந்த நாட்களில் கரம்போர்ட் விளையாடினோம்.

கல்முனையிலிருந்து: அண்ணன், அக்காவின் நகையை அடைவு வைத்துக் கமரா வாங்கலாம் என்று இருக்கிறேன்.

வேண்டாம் தம்பி. கமராவை வாடகைக்கு எடுங்கள். நகை அக்காவிடமே இருக்கட்டும்.

ஆரையம்பதியிலிருந்து: கூட்டாளிகள் ஐந்துபேர் சேர்ந்து காசு போடுகிறோம். எழுத்து எதுவும் தேவையா?

தேவை. இன்றைக்கே தேவை. படம் ஓடாவிட்டால் யாரும் சண்டை பிடிக்க மாட்டார்கள், ஓடினால்தான் சண்டை. யார் எவ்வளவு போட்டார், காசு வந்தால் முதலில் எந்தச் செலவு கழியும், மிச்சம் எப்படிப் பிரியும், விற்பதென்றால் யார் கையெழுத்து வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். இசை செய்தவர், கதை எழுதியவர், நடித்தவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் கடிதம் வாங்குங்கள். "அவன் என் மச்சான்தானே" என்று விட்டுவிடாதீர்கள். நாளைக்கு இணையத்தில் படம் காட்டும் ஓர் ஓடிடி நிறுவனம் வாங்க வந்தால் முதலில் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான். நல்ல படமொன்று பாட்டுக் கடிதம் இல்லாததால் விற்பனையாகாமல் அலமாரியில் கிடந்ததை நானே பார்த்தேன்.

மட்டக்களப்பு நகரிலிருந்து: நம் ஊர்த் தியேட்டரில் நம் படத்தை ஓட்டினால் எத்தனை வீதம் கிடைக்கும்?

இந்தியாவில் மல்டிபிளெக்ஸ்களுக்கு ஒரு கணக்கு உண்டு. 2009இல் இந்திப் படத் தயாரிப்பாளர்கள் படம் கொடுக்க மறுத்து நின்ற பிறகு வந்த ஒப்பந்தத்தில் விநியோகஸ்தர் பங்கு முதல் வாரம் 50 வீதம், இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, அதன்பின் 30. வாரம் போகப்போகத் தியேட்டருக்குப் பங்கு கூடும். அதனால்தான் எல்லோரும் முதல் மூன்று நாளுக்கே உயிரைக் கொடுக்கிறார்கள்.

நமக்கு அந்தக் கணக்கு உதவாது. சிறிய உள்ளூர்ப் படத்துக்கு ஒரு காட்சிக்கு இவ்வளவு வாடகை என்று பேசுவதுதான் வழக்கம். வாடகை, டிக்கட் அச்சு, மாநகர சபையின் களியாட்ட வரி எல்லாம் உங்கள் தலையில். அதற்கு முன்னால் தணிக்கை அனுமதி எடுக்க வேண்டும். தியேட்டர் வெளியீடு என்றால் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் படி ஏற வேண்டும். 1970களின் தொடக்கத்தில் உருவான கூட்டுத்தாபனம் அது. நெடுங்காலம் இந்த நாட்டில் பட விநியோகமே அதன் கையில்தான் இருந்தது. ஆகவே கொழும்புக்கு இரண்டு மூன்று தரம் போய்வரும் பஸ் காசையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகையும் மற்றச் செலவும் சேர்ந்து காட்சிக்கு 60,000 ரூபா, டிக்கட் 400 ரூபா என்றால் 150 பேர் வந்த பிறகுதான் உங்களுக்கு முதல் ரூபா. அந்த 150 பேரின் பெயரை இப்போதே எழுத முடியுமா? முடிந்தால் தியேட்டர் எடுங்கள். முடியாவிட்டால் பாடசாலை மண்டபம் பாருங்கள். யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்ட மறக்க வேண்டாம். களுவாஞ்சிகுடியில் மூன்று மணிக் காட்சி ஒன்றில் பாதிப் படம் வெயிலோடு கலந்து போனது.

அக்கரைப்பற்றிலிருந்து: ஓடிடிக்குக் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லைதானே?

2020இல் அப்படித்தான் இருந்தது. தியேட்டர் பூட்டிக் கிடந்தது, அந்த மே 29இல் "பொன்மகள் வந்தாள்" நேரே அமேசன் பிரைமில் வந்தது. தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். மறுகா ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அந்த வழியில் போனார்கள். படம் முடியும் முன்பே விலை பேசிய காலம் அது. சின்னப் படங்களும் அந்த வெள்ளத்தில் மிதந்தன.

இப்போது வெள்ளம் வடிந்துவிட்டது. பெரிய நடிகர் இல்லையா, தியேட்டரில் ஓடிவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். மொத்த விலை தராமல், எத்தனை மணித்தியாலம் பார்த்தார்களோ அதற்கேற்பப் பங்கு என்கிறார்கள். நம்மைப் போன்றவர்களிடம் அவர்கள் நேரே பேசுவதும் குறைவு. பல பேரின் படங்களைச் சேர்த்து அவர்களிடம் கொடுக்கும் ஒரு இடைத்தரகு நிறுவனம் நடுவில் இருக்கும்.

அந்த ஒப்பந்தத்தில் மூன்று சொற்களைத் தேடிப் பாருங்கள். எத்தனை வருடம்? எந்தெந்த நாடு? அவர்களுக்கு மட்டுமா, நீங்களும் வேறிடத்தில் காட்டலாமா? "நிரந்தரமாக, உலகம் முழுவதும், எந்த ஊடகத்திலும்" என்று எழுதியிருந்தால் பேனாவை மூடி வையுங்கள். நல்ல வயல் என்றால் ஒரு போகத்துக்குக் குத்தகை கொடுப்போம். காணி உறுதியையே எழுதிக் கொடுப்போமா?

வாழைச்சேனையிலிருந்து: யூடியூப்பில் போட்டேன். பின்னணியில் வந்த சினிமாப் பாட்டுக்கு உரிமைக் கோரல் வந்துவிட்டது. சேனல் போய்விடுமா?

போகாது. கோரல் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கோரல் வந்தால் அந்த வீடியோவின் விளம்பரக் காசு பாட்டின் உரிமையாளருக்குப் போகும், சில நாடுகளில் வீடியோ தெரியாமலும் போகலாம். ஸ்ட்ரைக் என்பது நீக்கச் சொல்லிச் சட்டப்படி வரும் கோரிக்கை. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போகும். தேநீர்க் கடைக் காட்சியில் ரேடியோ பாடினாலும் கணினிக்கு அது பாட்டுத்தான். அந்த இடத்தில் ஒலியை மாற்றிவிடுங்கள்.

காசைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். நீள வீடியோவில் விளம்பர வருமானத்தின் 55 வீதம் உங்களுக்கு. 100 டொலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலும் 24 வீதம்வரை பிடிப்பார்கள். அதை முதலில் செய்யுங்கள். உங்கள் பார்வையாளர் எங்கே இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கனடாவிலும் இலண்டனிலும் இருந்து பார்க்கும் ஆயிரம் பேருக்கு வரும் விளம்பர விலை, இங்கே பார்க்கும் ஆயிரம் பேருக்கு வராது.

திருக்கோவிலிலிருந்து: பேஸ்புக்கில் 5,000 ரூபாவுக்கு பூஸ்ட் போட்டோம். 2,000 லைக். காட்சிக்கு வந்தது 31 பேர்.

லைக் போட்டவர்கள் எந்த ஊர் என்று பார்த்தீர்களா? பூஸ்ட் பொத்தானை அப்படியே அமுக்கினால், மலிவாக லைக் போடுகிறவர்களைத்தான் அது தேடிப் பிடிக்கும். திருக்கோவிலைச் சுற்றி 25 கிலோமீற்றர் என்று வட்டம் போடுங்கள். லைக் கேட்காதீர்கள், வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். செய்தி அனுப்பியவரின் இலக்கம் உங்களிடம் இருக்கும். காட்சிக்கு முதல்நாள் அவருக்கு நீங்கள் ஒரு குரல் பதிவு அனுப்பலாம்.

அப்புறம், இதையெல்லாம் நம் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் விளம்பரக் கம்பனி இல்லாமலே செய்தார்கள். சட்டம், அதாவது அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய ஏடு, கொடுத்த நாளிலேயே இன்ன வீட்டுப் பிள்ளைக்கு இன்ன வேஷம் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். சதங்கை அணியும் நாளில் ஊர் வந்து பார்க்கும், அது ட்ரெய்லர். கிழமைக் கூத்துக்கு, அதாவது வாராவாரம் நடக்கும் ஒத்திகைக்கு, வந்து குறை சொல்லிவிட்டுப் போவார்கள். அரங்கேற்றத்துக்கு வட்டக்களரியைச் சுற்றி இடம் பிடிக்க முன்னேரத்திலேயே பாய் விரிப்பார்கள். முடிந்த பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடினால் கையில் காசும் கிடைக்கும். உங்கள் படத்தில் நடித்த பதினெட்டுப்பேரின் வீட்டாருக்கும் படப்பிடிப்பு நடந்தபோதே ஒரு துண்டு காட்டியிருந்தால் 31 பேரா வந்திருப்பார்கள்?

சம்மாந்துறையிலிருந்து, ஒரு தங்கச்சி: நம் பேச்சுவழக்கில் வசனம் எழுதினால் தமிழ்நாட்டில் விளங்காது என்கிறார்கள். மாற்றவா?

மாற்ற வேண்டாம். "விளங்காது" என்று சொன்னவர் கீழே எழுத்துப் போட்ட கொரியத் தொடரை இரவிரவாகப் பார்க்கிறவராக இருப்பார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் திரையின் கீழே வரிகள் போடுங்கள். விழாவுக்கு அனுப்ப ஆங்கில வரிகள் எப்படியும் வேண்டும். யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்துவருகிறது, அங்கிருந்து தொடங்கலாம். பாட்டும் நட்சத்திரமும் இல்லாத "கூழாங்கல்" 2021இல் ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் (புலி) விருது வாங்கியது. விழா ஆசை இருந்தால் அதுவரை யூடியூப்பில் ஏற்றாதீர்கள். பொதுவில் வந்த படத்தை எடுக்காத விழாக்கள் உண்டு.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: லைக்கா முதலாளி நம் நாட்டவர்தானே, ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாமா?

எழுதலாம். முல்லைத்தீவில் பிறந்தவர்தான். ஆனால் 2014இல் "கத்தி"யோடு தொடங்கிய படத் தயாரிப்பு நிறுவனம் அது. அவர்கள் பார்க்கும் சந்தை சென்னை. முத்திரைக்குச் செலவழிக்கும் காசில் உங்கள் படுவான்கரையில் ஒரு காட்சி போட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

பெயரோ ஊரோ இல்லாத துண்டு: ஒப்பந்தம் பார்த்துச் சொல்ல எவ்வளவு எடுப்பீர்கள்?

காசு வேண்டாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கொண்டுவாருங்கள். போட்ட பிறகுதான் எல்லோரும் வருகிறார்கள்.